கம்பம் பள்ளத்தாக்கில் நான்கு நாள் சைக்கிள் பயணம்: எந்த வழியாகப் போகலாம்?

உறையூரான் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். ஜனவரி கடைசியில் நானும் என் சித்தப்பாவும் நான்கு நாள் சைக்கிளில் கம்பம் பள்ளத்தாக்கைச் சுற்றிவரலாம் என்றிருக்கிறோம். திருச்சியிலிருந்து தேனி வரை சைக்கிளை பஸ்ஸில் போட்டுக்கொண்டு வருவோம். அதற்கப்புறம் மிதிப்பதுதான். தேனியிலிருந்து கம்பம் வழியாகக் குமுளி ஏறி, கேரளப் பக்கம் மலைமேலேயே போய், போடிமெட்டில் இறங்கி, போடி வழியாகத் திரும்பத் தேனி. வரைபடத்தில் அழகான வட்டமாக இருக்கிறது. ரோட்டில் எப்படி என்று போய்வந்தவர்கள்தான் சொல்ல வேண்டும்.

என்னிடம் 21 கியர் சைக்கிள் இருக்கிறது. பச்சைமலை, கொல்லிமலை ஏறியிருக்கிறேன். சித்தப்பாவுக்கு 61 வயது. தினமும் வயலுக்கும் கடைத்தெருவுக்கும் சைக்கிளில்தான் போவார், சமதளத்தில் அசராமல் மிதிப்பார். ஆனால் அவருடையது கியர் இல்லாத பழைய ஹெர்குலிஸ். வேறு சைக்கிள் வாங்கித் தருகிறேன் என்றாலும் மறுக்கிறார். இந்தப் பயணத்தை என்னைவிட அதிகமாக ஆசைப்படுபவர் அவர்தான், அதனால் அவரை விட்டுவிட்டுப் போகிற யோசனை வேண்டாம். நெடுஞ்சாலையிலேயே போகலாமா, உள்வழி இருக்கிறதா? யானை பயம் எந்த இடத்தில்? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

முல்லையாத்துக்காரன் எழுதியது:

தம்பி, நான் சின்னமனூர். இங்கே வயக்காட்டுப் பாதையிலும் மலைப்பாதையிலும் வருஷம் முழுக்க மிதிக்கிறவன். நல்ல மாதமாகத்தான் பார்த்திருக்கிறீர்கள். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எந்த ரோட்டில் போகலாம் என்று எல்லாரும் கேட்கிறார்கள். அந்த ரோட்டில் எத்தனை மணிக்கு இருக்கப் போகிறோம் என்று யாரும் கேட்பதில்லை. இந்தப் பள்ளத்தாக்கில் அதுதான் முக்கியம்.

மேற்கே ஏலமலை, கிழக்கே மேகமலை, நடுவில் முல்லைப் பெரியாறு. பள்ளத்தாக்கு தென்மேற்கிலிருந்து வடகிழக்காகக் கிடக்கிறது. ஆனி, ஆடியில் தென்மேற்குக் காற்று மலையைத் தாண்டி இறங்கி, பள்ளத்தாக்கு நெடுகத் தேனி பக்கம் பாயும். தேனி, ஆண்டிபட்டி பக்கம் காற்றாலைகளை நட்டிருப்பது அதற்காகத்தான். அந்த மாதங்களில் தேனியிலிருந்து கம்பத்துக்கு மிதிப்பது சமதளத்திலேயே மலை ஏறுகிற பாடு. ஜனவரியில் அந்தத் தொல்லை இல்லை. இன்னொரு தொல்லை ஐயப்ப பக்தர்கள் கூட்டம். கார்த்திகை முதல் மகரஜோதி வரைக்கும் குமுளிப் பாதையும் கம்பம்மெட்டுப் பாதையும் வேன், பஸ், கார் என்று இரவு பகலாக ஓடும், போலீஸ் ஒருவழிப் பாதையாக மாற்றிவிடுவார்கள். ஜனவரி 20க்கு மேல் அது அடங்கிவிடும். ஆனால் குடியரசு தினத்தோடு சனி ஞாயிறு சேர்ந்து வந்தால் குமுளிக்கும் மூணாறுக்கும் போகிற கார்களுக்குக் கணக்கே இருக்காது. அந்த நாட்களைத் தவிர்த்துவிட்டுத் தேதி போடுங்கள்.

தேனி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று போகிற 183ஆம் எண் நெடுஞ்சாலை சைக்கிளுக்கு வேண்டாம். புறவழிச்சாலைகள் வந்தபிறகு வண்டிகள் பறக்கின்றன. மலையும் தூரத்தில், ஊரும் தூரத்தில். நான் சொல்கிற வழி இது. தேனியிலிருந்து 15 கிலோமீட்டரில் போடி. அங்கிருந்து மேற்கு மலையை ஒட்டியே ஒரு ரோடு போகிறது: சிலமலை, ராசிங்காபுரம், தேவாரம், பண்ணைப்புரம், கோம்பை, உத்தமபாளையம். வலதுகைப் பக்கம் மலை கூடவே வந்துகொண்டிருக்கும். கொஞ்சம் ஏறும், கொஞ்சம் இறங்கும், கியர் இல்லாத சைக்கிளுக்கும் ஒன்றும் செய்யாது. சித்தப்பாவுக்கு இளையராஜா பாட்டுப் பிடிக்குமென்றால் பண்ணைப்புரத்தில் இறங்கி ஒரு டீ குடிக்கச் சொல்லுங்கள், அவர் பிறந்த ஊர். அடுத்து கோம்பை. கோம்பை நாய் கேள்விப்பட்டிருப்பீர்கள், அந்த இனத்துக்குப் பெயர் கொடுத்த ஊர். தோட்டத்துக் காவல் நாய் துரத்தினால் வேகமாக மிதிக்காதீர்கள். இறங்கி, சைக்கிளை நாய்க்கும் உங்களுக்கும் நடுவில் வைத்து நடங்கள், அதுவாகவே நின்றுவிடும்.

முதல் நாள் கம்பத்தில் தங்குங்கள். இரண்டாம் நாள் கிழக்குப் பக்கம் போங்கள். காமயகவுண்டன்பட்டி, நாராயணத்தேவன்பட்டி, சுருளிப்பட்டி. இதுதான் திராட்சை நாடு. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023ல் புவிசார் குறியீடு கிடைத்தது. மற்ற ஊர்களில் வருஷத்துக்கு ஒரு பருவம் காய்க்கிற திராட்சை இங்கே வருஷம் முழுக்கக் கிடைக்கும். அது எப்படி என்பதை சைக்கிளில் போனால்தான் பார்க்க முடியும். ஒரு தோட்டத்தில் கவாத்து வெட்டி வெறும் குச்சியாக நிற்கும். பக்கத்துத் தோட்டத்தில் பூ விட்டிருக்கும், அதற்கடுத்ததில் பழம் கறுத்துத் தொங்கும். ஆளாளுக்கு வேறு வேறு மாதத்தில் கவாத்து வெட்டுகிறார்கள். கல்தூண் நட்டுக் கம்பி இழுத்த பந்தல், ஆள் தலை தட்டுகிற உயரம். உள்ளே குனிந்து போனால் மதிய வெயிலிலும் குளிர்ந்த மண்வாசம் அடிக்கும். கேட்காமல் பறிக்காதீர்கள், கேட்டால் தாராளமாகத் தருவார்கள். மருந்து அடித்திருப்பார்கள், கழுவிவிட்டுத்தான் சாப்பிட வேண்டும். வாய்க்கால் தண்ணீரில் கழுவ வேண்டாம், பம்புசெட் தண்ணீர் கேளுங்கள்.

சுருளி அருவி அந்த வழியில்தான். யானை நடமாட்டம் இருந்தால் வனத்துறை அருவியை மூடிவிடும், கம்பத்தில் கிளம்பும்போதே விசாரித்துக்கொள்ளுங்கள்.

அங்கிருந்து கூடலூர், லோயர் கேம்ப். பென்னிகுயிக் மணிமண்டபம் லோயர் கேம்பில் இருக்கிறது. நின்று பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும். அந்த ஆங்கிலேயப் பொறியாளர் கட்டிய முல்லைப் பெரியாறு அணை 1895ல் முடிந்தது. மேற்கே ஓடிக்கொண்டிருந்த ஆற்றைத் தடுத்து, மலையைக் குடைந்து, கிழக்கே நமக்குத் திருப்பிவிட்டார். மலைச்சரிவில் நாலு பெரிய குழாய்கள் இறங்கும் பாருங்கள், அந்தத் தண்ணீரில்தான் மின்சாரம் எடுக்கிறார்கள். எடுத்தபிறகு அதுதான் ஆறு. இங்கிருந்து பழனிசெட்டிபட்டி வரைக்கும் 14,707 ஏக்கர் இருபோக நெல் அதை நம்பித்தான் விளைகிறது. நீங்கள் வருகிறபோது இரண்டாம் போகம் பச்சையாக நிற்கும். தை முதல் நாள் இங்கே வீட்டுக்கு வீடு அவர் பெயரைச் சொல்லிப் பொங்கல் வைப்பார்கள். என் அப்பத்தா அவரைப் பார்த்ததில்லை, படத்தில்தான் தெரியும். ஆனாலும் முதல் கரண்டிப் பொங்கல் அவர் படத்துக்குத்தான் போகும்.

லோயர் கேம்பிலிருந்து குமுளி 6 கிலோமீட்டர்தான். ஆனால் அந்த 6 கிலோமீட்டரில் 400 மீட்டர் போல ஏற வேண்டும். ரோடு அகலம் இல்லை. மாதா கோவில் வளைவில் லாரி திரும்பும்போது சைக்கிளுக்கு இடமே இருக்காது. ஹாரன் கேட்டால் இறங்கி ஓரமாக நின்றுவிடுங்கள்.

இப்போது நேரத்தைப் பற்றிச் சொல்கிறேன். ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போகிற ஜீப்புகள் இருக்கின்றனவே, அவற்றைத் தெரியாமல் இந்த மலைகளில் சைக்கிள் ஓட்டக் கூடாது. விடிகாலையில் போடி, தேவாரம், கம்பம், கூடலூர் தெருமுனைகளில் பெண்கள் தலையில் துண்டைக் கட்டி, கையில் தூக்குவாளியோடு நிற்பார்கள். பின்னால் படியில் தொங்குகிற அளவுக்கு ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் வரிசையாக மலையேறும். சீக்கிரம் இறக்கிவிட்டால்தான் இன்னொரு நடை என்று வேகமாகப் போவார்கள். சாயங்காலம் அதே ஜீப்புகள் அதே வேகத்தில் இறங்கும். வளைவில் உள்பக்கம் வெட்டித் திரும்புவார்கள். அந்த நேரத்தில் நீங்கள் அங்கே இருக்கக் கூடாது, அவ்வளவுதான். ஏறுவதானால் எட்டரைக்கு மேல். இறங்குவதானால் மத்தியானத்துக்குள் அடிவாரத்துக்கு வந்துவிடுங்கள். ஏலத்தோட்ட ஜீப் ஓடுகிற எந்த மலைப்பாதையானாலும் இதுதான் கணக்கு.

சித்தப்பா விஷயத்துக்கு வருகிறேன். ஹெர்குலிஸ் பள்ளத்தாக்குக்குப் போதும், நானே பல வருஷம் அப்படித்தான் மிதித்தேன். மலை ஏற வேண்டாம், அதைவிட முக்கியமாக அந்த பிரேக்கோடு இறங்கவே வேண்டாம். கம்பத்திலோ கூடலூரிலோ குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டி பிடியுங்கள். சைக்கிளோடு அவரைக் குமுளியில் கொண்டுபோய் விடுவார்கள், நீங்கள் மிதித்து வந்து சேருங்கள். நான்காம் நாள் போடிமெட்டிலிருந்து இறங்கவும் அவருக்கு வண்டி ஏற்பாடு செய்துவிடுங்கள். நடுவில் மலைமேல் அவரால் எவ்வளவு முடிகிறதோ அவ்வளவு மிதிக்கட்டும்.

போடி ஏலக்காய் எழுதியது:

முல்லையாத்து அண்ணன் கீழே உள்ளதைச் சொல்லிவிட்டார். மலைமேல் உள்ளதை நான் சொல்கிறேன். எங்கள் வீட்டில் ஏலக்காய் வியாபாரம். சின்ன வயதிலிருந்து ஜீப்பில் போய்வந்த ரோட்டில் இப்போது சைக்கிளில் போகிறேன்.

குமுளியிலிருந்து நெடுங்கண்டம், உடும்பன்சோலை, சாந்தன்பாறை, பூப்பாறை, போடிமெட்டு. மேலே ஏறிவிட்டோம், இனிச் சமமாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். ஒரு ஓடைக்கு இறங்கும், உடனே ஏறும், அடுத்த ஓடைக்கு மறுபடி இறங்கும். நாள் முழுக்க இதேதான். கால் எப்போது ஓய்ந்தது என்றே தெரியாது. நெடுங்கண்டத்தில் ஒரு இரவு கட்டாயம் தங்குங்கள். குமுளியிலிருந்து ஒரே மூச்சில் போடி வரை போக நினைத்தால் சாயங்கால ஜீப்போடுதான் இறங்குவீர்கள்.

பூப்பாறையில் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள், ஏனென்றால் அங்கிருந்து போடிமெட்டுக்கு ஏற்றம். பயணத்தின் கடைசி நாளில் களைத்த காலோடு அந்த ஏற்றம் வரும். இரண்டு பக்கமும் ஏலத்தோட்டம், மேலே பெரிய மரங்கள், நிழலுக்குக் குறைவில்லை. ஏலச்செடியை நின்று பாருங்கள். காய் உச்சியில் இருக்காது. தூரிலிருந்து கிளம்பித் தரையோடு படர்கிற சரத்தில்தான் பூவும் காயும். அதனால்தான் பறிக்கிற பெண்கள் நாள் முழுக்கக் குனிந்தும் உட்கார்ந்துமே வேலை செய்கிறார்கள். காலை ஜீப்பில் தூங்கிக்கொண்டு போகிறவர்கள் அவர்கள்தான். வேகமாகப் போகிறார்கள் என்று ஜீப்புக்காரர்மேல் நமக்குக் கோபம் வரும். ஆனால் அந்த வண்டி வராவிட்டால் அவர்களுக்கு அன்றைக்குக் கூலி இல்லை.

யானை கேட்டிருந்தீர்கள். சாந்தன்பாறை, சின்னக்கானல், ஆனையிறங்கல் பக்கம்தான் அதிகம். அரிக்கொம்பன் அந்தப் பக்கத்து யானைதான். 2023 ஏப்ரலில் சின்னக்கானலில் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்டார்கள். அது மேகமலை வழியாக நடந்து, மே மாதம் கம்பம் தெருவுக்குள்ளேயே வந்து நின்றது. அதனால் யானை இந்த இடத்தில் வரும், இந்த இடத்தில் வராது என்று யாராலும் கோடு போட முடியாது. காலை ஏழு மணிக்கு முன்னும் மாலை ஐந்துக்குப் பின்னும் காட்டோரம் மிதிக்காதீர்கள். டீக்கடையில் கேளுங்கள், ராத்திரி எங்கே நின்றது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும். ரோட்டில் புதுச் சாணம் பார்த்தால், முன்னாலோ பின்னாலோ ஒரு வண்டி வருகிறவரைக்கும் காத்திருந்து அதோடு சேர்ந்து போங்கள்.

போடிமெட்டு இறக்கத்தில் 17 கொண்டை ஊசி வளைவுகள். 1,300 மீட்டருக்கு மேலிருந்து போடி 350க்கு வருகிறீர்கள். பிரேக்கைப் பிடித்தபடியே இறங்கினால் ரிம் கொதித்துவிடும். வளைவுக்கு முன்னால் இரண்டு பிரேக்கையும் அழுத்தி வேகத்தைக் குறைத்து, திரும்பும்போது விட்டுவிடுங்கள். புலியூத்து பக்கம் நிறுத்தி ரிம்மைத் தொட்டுப் பாருங்கள். சுட்டால் அது ஆறுகிறவரை நீங்களும் உட்கார்ந்து கீழே பள்ளத்தாக்கைப் பாருங்கள். கிளம்புவதற்கு முன்பே பிரேக் கட்டை புதிதாக மாற்றிக்கொள்ளுங்கள், ஒரு ஜோடி கையிலும் இருக்கட்டும். மேலே பனி, குளிர். வியர்த்த சட்டையோடு இறங்கினால் அடிவாரத்து முந்தல் சோதனைச் சாவடி வருவதற்குள் கை விறைத்துப் பிரேக் பிடிக்க வராது. காற்றுப் புகாத ஒரு மேல்சட்டை போதும்.

ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள்: பெண்கள் தனியாக வந்தாலும் இந்த வழி நல்ல வழிதான். கழிப்பறைக்கு ஊர் வருகிற இடங்களில் ஹோட்டலில் கேட்டுக்கொள்ள வேண்டும், நடுவில் எதுவும் இல்லை.

உறையூரான் எழுதியது:

அண்ணே, அக்கா, இரண்டு பேருக்கும் மனமார்ந்த நன்றி. சித்தப்பாவுக்கு முழுவதையும் படித்துக் காட்டினேன். பென்னிகுயிக் மண்டபத்துக்கும் பண்ணைப்புரத்துக்கும் இப்போதே தயாராகிவிட்டார். குட்டியானைக்குச் சம்மதம். ஆனால் மலைமேல் சாந்தன்பாறை வரைக்குமாவது தானே மிதிப்பேன் என்கிறார். குடியரசு தினம் கழிந்து வருகிற திங்கட்கிழமை கிளம்புகிற மாதிரி தேதியை மாற்றிவிட்டேன்.

இன்னும் ஒரு கேள்வி. ஐந்தாவதாக ஒரு நாள் சேர்த்தால் மேகமலை ஏற முடியுமா? சின்னமனூரிலிருந்து போகிற ரோடு நன்றாக இருக்கிறது என்று கேள்வி.

முல்லையாத்துக்காரன் எழுதியது:

முடியும் தம்பி, ஆனால் நான்கு நாள் சுற்றின் வாலில் அதைக் கட்டாதீர்கள். மேகமலைக்கென்று தனியாக வாருங்கள். என்னைக் கேட்டால் இந்த மாவட்டத்திலேயே சைக்கிளுக்கு அதைவிட நல்ல ஏற்றம் கிடையாது. தென்பழனி சோதனைச் சாவடியில் மலை தொடங்குகிறது. 18 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பூவின் பெயர் வைத்திருக்கிறார்கள். குமுளி, போடிமெட்டு மாதிரி அது இன்னொரு மாநிலத்துக்குப் போகிற பாதை இல்லை. தேயிலைத் தோட்டத்தோடு முடிந்துவிடும். அதனால் லாரி இல்லை. காலையில் ஒன்றிரண்டு பஸ், எஸ்டேட் வண்டிகள், அவ்வளவுதான்.

முதல் பாதி புதர்க்காடு, வெயில் முதுகில் ஏறும். 8 மணிக்குச் சாவடியைத் தாண்டினால் நல்லது. பாதிக்கு மேல் காடு அடர்ந்து குளிர் வரும். அதற்கும் மேலே திடீரென்று தேயிலையும் ஏரியுமாக விரியும். ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம். அங்கே தங்கிவிட்டு மறுநாள் இறங்குவதுதான் சரி, தங்குமிடங்கள் குறைவு, முன்னாலேயே சொல்லிவைக்க வேண்டும். இது 2021லிருந்து திருவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகத்தில் சேர்ந்தது. மாலை ஆறுக்கு மேல் பாதையில் விட மாட்டார்கள். மழைக்காலத்திலும் காட்டுத்தீ காலத்திலும் விதிகள் மாறும். சாவடியில் சைக்கிளை அன்றைக்கு விடுகிறார்களா என்று முந்தின நாளே ஒருவர் நேரில் போய்க் கேட்டுவிடுவது நல்லது. நீங்கள் வருகிறபோது சொல்லுங்கள், சின்னமனூரிலிருந்து பக்கம்தான், நான் போய்க் கேட்டு வைக்கிறேன்.

சித்தப்பா சாந்தன்பாறை வரை மிதிக்கட்டும். வயலுக்குப் போகிற கால், அது நாம் நினைப்பதைவிட உறுதியாக இருக்கும். ஆனால் இறக்கங்களில் அவர் முன்னாலும் நீங்கள் பின்னாலும் வாருங்கள். பின்னால் வருகிற வண்டி உங்களைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

சக்கரம் கோவை எழுதியது:

எல்லாம் சொல்லிவிட்டார்கள். இரண்டு சின்ன விஷயம் மட்டும்.

பஸ்ஸில் சைக்கிள் ஏற்ற இடம் கிடைக்காவிட்டால் ரயில் இருக்கிறது. மதுரையிலிருந்து அகல ரயில் பாதை 2023 ஜூனில் போடி வரைக்கும் வந்துவிட்டது. திருச்சியிலிருந்து மதுரைக்கு நிறைய ரயில், அங்கே மாறி போடியிலேயே போய் இறங்கலாம். தேனியில் இறங்கி நெடுஞ்சாலையில் மிதிக்கிற 15 கிலோமீட்டரும் மிச்சம். சைக்கிளைப் பார்சல் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். வண்டி கிளம்புவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் போய்விடுங்கள். பெடலைக் கழற்றிப் பையில் வைத்து, பின்கியர் பக்கம் அட்டை சுற்றிக் கட்டிவிடுங்கள், பார்சல் பெட்டியில் முதலில் வளைவது அதுதான்.

இன்னொன்று முள். திராட்சைத் தோட்டத்து வேலியிலும் வாய்க்கால் கரையிலும் கருவேல முள் கிடக்கும், மண்பாதையில் நெருஞ்சி. ஆளுக்கு இரண்டு டியூப் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் சைக்கிள் டியூப் சித்தப்பா சைக்கிளுக்குச் சேராது, இரண்டு அளவும் தனித்தனியாக வேண்டும். ஹெர்குலிஸ் டியூபும் டயரும் கம்பத்திலும் போடியிலும் எந்தச் சைக்கிள் கடையிலும் கிடைக்கும், உங்களுடையதற்குத்தான் திருச்சியிலேயே வாங்கிக்கொண்டு கிளம்ப வேண்டும்.